யாரைக் கூப்பிட்டார்கள், யார் திரும்பினார்?
சில ஒளிபரப்புச் சர்ச்சைகளை முன்வைத்து

1

2017ஆம் ஆண்டில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு பேச்சுகள் தொலைக்காட்சி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தன. ஒன்றுக்குக் கொதித்தோம். இன்னொன்றைக் கேட்டுக்கொண்டே சோறு தின்றோம். இந்த 'நாம்' என்பதற்குள் நானும் இருந்தேன் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலாவது ஏப்ரல் மாதம். கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் தாக்கியதை ஒட்டி அல் ஜசீரா ஆங்கிலத் தொலைக்காட்சியில் ஒரு விவாதம் நடந்தது. பாரதிய ஜனதாவின் முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் தருண் விஜய் அதில் பேசினார். இந்தியர்கள் நிறவெறியர்கள் என்றால் தென்னாட்டு மக்களோடு எப்படிச் சேர்ந்து வாழ்கிறோம், எங்களைச் சுற்றிலும் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்று கேட்டார். தமிழ்நாடு கொதித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். சேலத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு மாடி அறையில் கூடினோம். கறுப்பு எங்கள் நிறம், கறுப்பு எங்கள் அரசியல் என்று நானும் அரை மணி நேரம் முழங்கினேன். கைதட்டினார்கள்.

இரண்டாவது ஜூலை மாதம். விஜய் தொலைக்காட்சியில் கமல்ஹாசன் நடத்திய 'பிக் பாஸ்' முதல் பருவம் ஓடிக்கொண்டிருந்தது. காயத்ரி ரகுராம் சக போட்டியாளரான ஓவியாவின் நடத்தையைக் குறித்து 'சேரி பிஹேவியர்' என்றார். அது ஒளிபரப்பானது.

அப்போது நான் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு தறிப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நூல் எடை போடுகிற முன்திண்ணையில் ஒரு டிவி. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஐந்தாறு பேர் நின்று பார்ப்பது வழக்கம். அன்று அந்தச் சொல் வந்தபோது சிலர் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. எனக்கு அது ஒரு சொல்லாகவே விழவில்லை என்பது மட்டும் நிச்சயம். நிலைப்படியில் சாய்ந்து நின்ற ஒரு தறிக்காரர், இருபத்திரண்டு வயதிருக்கும், சட்டென்று தலையைத் திருப்பினார். திரையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய்த் தறியை ஓட்டினார்.

மறுநாள் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"ஏனுங்ண்ணா, நேத்து அந்தம்மா சொன்னதக் கேட்டீங்ளா?"

"எதை?"

"சரி, உடுங்க. நான் ஏன் திரும்புனன்னு தெரியுங்ளா? யாராச்சும் என்னயப் பாக்கறீங்களான்னு பாத்தனுங்க."

"யாரும் பாக்கலியேப்பா."

"ஆமாங்ண்ணா. ஒருத்தரும் பாக்குல."

அவர் ஆறுதலாகச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து இரண்டுமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

2

ஏப்ரல் மாதக் கொதிப்பை முதலில் பிரித்துப் பார்க்கலாம்.

தருண் விஜயின் பேச்சில் 'நாங்கள்' ஒரு பக்கம், அந்த 'நாங்கள்' பொறுத்துக்கொள்கிற தென்னாட்டு மக்கள் மறுபக்கம். தேசம் என்ற சொல்லாடல் தன் மையத்தையும் விளிம்பையும் வாய்தவறி வெளியே காட்டிவிட்ட தருணம் அது. பேசியவர் யாரென்பதையும் கவனிக்க வேண்டும். ஆர்.எஸ்.எஸ். வார இதழான 'பாஞ்சஜன்யா'வின் ஆசிரியராகப் பல்லாண்டு இருந்தவர். திருக்குறளை நாடாளுமன்றத்தில் தூக்கிப் பிடித்தவர், ஹரித்வாரில் வள்ளுவர் சிலை வைக்கப் பாடுபட்டவர். இங்கே பல மேடைகள் அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கின்றன. குறளை நேசிப்பதற்கும் குறள் பேசும் மக்களைப் பொறுத்துக்கொள்ளப்பட்டவர்களாகக் காண்பதற்கும் அவருக்குள் முரண் எதுவும் இருக்கவில்லை. பண்பாட்டைப் பாராட்டுவது ஒன்று, பக்கத்தில் உட்காருவது வேறொன்று. இது சரியான விமர்சனம்தான். அன்று நாங்கள் செய்ததும் இதைத்தான்.

நாங்கள் செய்யாமல் விட்டது என்ன? அந்த விவாதமே அடிபட்ட ஆப்பிரிக்க மாணவர்களைப் பற்றியது. எங்கள் கூட்டத்தில் அவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'எங்களைக் கறுப்பர் என்று சொல்லிவிட்டாயே' என்ற கோபத்துக்கும் 'ஆமாம், கறுப்புதான்' என்ற பெருமிதத்துக்கும் நடுவே, கறுப்பாக இருந்ததற்காக உதைபட்டவர் காணாமல் போனார். நிறவெறியை எதிர்க்க வந்தோம், நம் மேல் விழுந்த அவமானத்தை மட்டும் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

வீட்டில் என்ன நடக்கிறது? 2007இல் வெளிவந்த 'சிவாஜி' படத்தில் கருமை பூசப்பட்ட இரண்டு பெண்களைக் கதாநாயகன் முன் கொண்டுவந்து நிறுத்திக் கேலி செய்யும் காட்சி ஒன்று உண்டு. அவர்களுக்குச் சூட்டிய பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரியின் மகளிர் பெயர்கள். அப்பாவாக நடித்தவர் தமிழ்ப் பேராசிரியரான சாலமன் பாப்பையா. அதே படத்தில் கதாநாயகன் வெள்ளைத் தோலுக்கு மாறி ஆடுகிற பாட்டும் உண்டு. அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்த தமிழர்கள்தாம் பத்தாண்டு கழித்து அல் ஜசீராவைப் பார்த்துக் கொதித்தோம். 'ஃபேர் அண்ட் லவ்லி' பெயரில் இருந்த வெள்ளையை அந்தக் கம்பெனி 2020இல் எடுத்துவிட்டது. களிம்பு இன்னும் கடையில் இருக்கிறது.

வெளியாள் சொன்னால் இனவெறி, உள்ளாள் சொன்னால் தமாஷ் என்பது பொதுப்புத்தியின் சௌகரியம். இந்த ஏற்பாட்டுக்கு அரசாங்க அங்கீகாரமும் உண்டு. 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேசுபொருளாக்கத் தலித் இயக்கங்கள் போராடின. சாதி வேறு, இனம் வேறு என்று இந்திய அரசு மறித்து நின்றது. இனவெறி என்பது நமக்கு வெளியிலிருந்து இழைக்கப்படுவது, நாம் இழைப்பது அல்ல என்பதே அந்த வாதத்தின் உள்ளுறை. கோட்பாட்டளவில் சாதியும் இனமும் ஒன்றல்ல என்பதில் எனக்கும் மாறுபாடில்லை. ஆனால் ஒலிபெருக்கி வழியாக ஒரு மக்கள் கூட்டத்தை இழிவின் அளவுகோலாக்குகிற காரியத்தில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

3

2007ஐச் சொன்னேன். அந்த ஆண்டில் வெளிநாடுகளில் நடந்த இரண்டு சர்ச்சைகள் நமக்கு உதவும்.

நியூயார்க்கில் டான் ஐமஸ் என்ற வானொலித் தொகுப்பாளர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி, அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள், ஏப்ரல் 4 அன்று நேரலையில் இழிவாகப் பேசினார். அந்தப் பெண்கள் பயிற்சியாளரோடு வரிசையாக உட்கார்ந்து பத்திரிகையாளர்களிடம் பேசினார்கள். விளம்பரதாரர்கள் விலகினார்கள். எம்.எஸ்.என்.பி.சி.யும் சி.பி.எஸ்.சும் ஏப்ரல் 12க்குள் அவரை வெளியேற்றின. டிசம்பரில் வேறொரு நிலையத்தில் அவர் மைக்குக்குத் திரும்பிவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சந்தை தண்டிக்கவும் செய்யும், மன்னிக்கவும் செய்யும். இரண்டுக்கும் அதனிடம் ஒரே கணக்குத்தான்.

அதே ஆண்டு ஜனவரியில் லண்டன். சேனல் 4இன் 'செலிப்ரிட்டி பிக் பிரதர்' நிகழ்ச்சியில் நடிகை ஷில்பா ஷெட்டியை ஜேட் கூடி முதலானவர்கள் இழிவுபடுத்தினார்கள். ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காமுக்கு 40,000க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. இந்தியாவில் கொடும்பாவி கொளுத்தினார்கள். மே மாதம் ஆஃப்காம் தீர்ப்புச் சொன்னது. பேசிய பெண்களை அது விசாரிக்கவில்லை. சேனல் 4 விதியை மீறியது என்று சொல்லி, அந்தத் தீர்ப்பைச் சேனலே தன் திரையில் அறிவிக்க வேண்டும் என்றது.

எந்த நிகழ்ச்சி வடிவம் லண்டனில் ஷில்பாவை வைத்து நடந்ததோ, அதே எண்டெமோல் கம்பெனி வடிவம்தான் பத்தாண்டு கழித்து 2017 ஜூனில் தமிழுக்கு வந்தது. வடிவத்தை வாங்கினோம். அதோடு வந்த விசாரணையை வாங்கவில்லை.

ஆஃப்காம் கேட்டது முக்கியமான கேள்வி. ஐமஸ் பேசியது நேரலை. வாயிலிருந்து விழுந்த சொல்லைப் பிடித்து நிறுத்த நேரமில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். பிக் பாஸ் அப்படியில்லை. பகலும் இரவும் கேமராக்கள் ஓடுகின்றன. கிடைக்கிற இருபத்துநான்கு மணி நேரத்தை ஒரு மணிச் சொச்சமாக வெட்டுகிறார்கள். வெட்டுகிறவர் அந்தச் சொல்லைக் கேட்கிறார். ஒட்டுகிறவர் கேட்கிறார். இசை சேர்ப்பவர் கேட்கிறார். மேலே இருந்து சரிபார்ப்பவர் கேட்கிறார். கெட்ட வார்த்தை என்று அவர்கள் நினைக்கிற இடத்தில் 'பீப்' ஒலி போடத் தெரிந்தவர்கள்தாம் அவர்கள். 'சேரி' என்ற இடத்தில் பீப் இல்லை. ஏனென்றால் அந்த அறையில் யாருக்கும் அது கெட்ட வார்த்தையாகக் கேட்கவில்லை. அல்லது கேட்டது, ருசியாகக் கேட்டது.

எனவே 'காயத்ரி சொன்னார்' என்பது பாதி உண்மை. சொன்னது ஒரு வாய், ஒளிபரப்பியது பல காதுகள். நமது சர்ச்சைகள் எல்லாம் வாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. அவர் வேண்டுமென்று சொன்னாரா, வருந்தினாரா, அவர் சாதி என்ன, அவர் கட்சி எது? காதுகளை யாரும் விசாரிப்பதில்லை. தொகுப்பறையில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் ஒருவராவது சேரியிலிருந்து வந்தவரா என்ற கேள்வியை அந்த ஜூலையில் எந்தப் பத்திரிகையும் கேட்டதாக நான் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

4

அந்தச் சொல்லுக்காக 100 கோடி ரூபாய் நட்டஈடு கேட்டுப் புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி கமல்ஹாசனுக்கும் தொலைக்காட்சிக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தொகையைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்கு அந்த நோட்டீஸின் தொகையைவிட அது முட்டி நின்ற இடம்தான் முக்கியமாகப் படுகிறது.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. அந்த 'ஒருவர்' யார்? திட்டு வாங்கியவர் ஓவியா. அவர் சேரிக்காரர் அல்லர். சேரிக்காரர் எவரையும் பெயர் சொல்லி யாரும் திட்டவில்லை. ஷாஜன் ஸ்காரியா என்ற யூடியூப் செய்தியாளர் வழக்கில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், திட்டப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பது மட்டும் போதாது, சாதியைக் காரணமாக வைத்துத் திட்டியிருக்க வேண்டும் என்று விளக்கியது. அங்கே ஆள் இருந்தார், சாதிச் சொல் இல்லை. இங்கே சொல் இருந்தது, ஆள் இல்லை. இரண்டு ஓட்டைக்கும் நடுவே ஒளிபரப்பு நிம்மதியாகத் தூங்குகிறது. கூட்டத்தாரை மொத்தமாக இழிவுபடுத்துவது பற்றி அந்தச் சட்டத்தில் வேறு உட்பிரிவு உண்டுதான். ஆனால் பகைமையை வளர்க்கும் முயற்சி என்று நிரூபிக்க வேண்டும். சிரிக்க வைக்கும் முயற்சி பகைமையாகாது என்பார்கள். கேபிள் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சி நெறியில், சில கூட்டத்தாரை ஏளனமாகவும் மேட்டிமையாகவும் சித்திரிக்கக் கூடாது என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. இனம், மொழி, வட்டாரம் என்று அது பட்டியலிடுகிறது. அந்த உட்பிரிவில் சாதி என்ற சொல் இல்லை.

அல்தூஸரின் புகழ்பெற்ற உதாரணம் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பழக்கமானதுதான். தெருவில் போலீஸ்காரர் 'ஏய், நீதான்' என்று கூப்பிடுகிறார். போகிறவர் திரும்புகிறார். திரும்பிய அந்தக் கணத்தில் அவர் அதிகாரத்தின் குடிமகனாகிறார். கூப்பிடுகிற குரலும் திரும்புகிற தலையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன என்பது இந்த உதாரணத்தின் அனுமானம். எங்கள் தறிப்பட்டறையில் அந்தக் கோடு கோணிவிட்டது. கூப்பிடப்பட்டவர் சென்னையில் ஒரு செட்டுக்குள் இருந்த ஓவியா. திரும்பியவர் ஆட்டையாம்பட்டிப் பக்கம் நிலைப்படியில் நின்றவர். அவரைக் கூப்பிடவே இல்லை. அவரை வைத்து இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். சாதி வசையின் தனித்தன்மை இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது தன் இலக்கை நேரே பார்ப்பதில்லை. இலக்கை ஓர் எடைக்கல்லாகத் தராசில் போட்டு வேறொருவரின் இழிவை நிறுத்துக் காட்டுகிறது. எடைக்கல்லுக்கு வலிக்கும் என்று கடைக்காரருக்குத் தோன்றுவதில்லை. எடைக்கல் நீதிமன்றத்துக்குப் போனால், 'உன்னை யாரப்பா விற்றது?' என்று கேட்கிறார்கள்.

2023 நவம்பரில் இது மறுபடி நடந்தது. அப்போது தேசிய மகளிர் ஆணைய உறுப்பினராக இருந்த குஷ்பு, சமூக வலைதளத்தில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது உங்கள் சேரி மொழியில் எனக்குப் பேச வராது என்று ஆங்கிலத்தில் எழுதினார். எதிர்ப்பு வந்தது. பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்புக்குரியவர் என்று பொருள், கிண்டலாக அதைத்தான் எழுதினேன் என்று விளக்கம் சொன்னார். தமிழ்நாட்டில் சேரி என்றால் என்ன என்பதற்குப் பாரிஸ் வரை போய் அர்த்தம் தேட வேண்டியிருந்தது. விளக்கம் நம்பத்தகுந்ததா என்பது இருக்கட்டும். அர்த்தம் பேசுகிறவருக்குச் சொந்தம், கேட்கிறவருக்கு அதில் பங்கில்லை என்ற துணிச்சல்தான் அதன் அடிப்படை.

5

சேரி என்ற சொல் இப்படிப் பிறக்கவில்லை. பழைய தமிழில் அது சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். சோழர் காலத்துப் பிரமதேயங்களில் பார்ப்பனக் குடியிருப்புப் பகுதிகளுக்கே சேரி என்று பெயர், அரசர்களின் பட்டப்பெயரோடு. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் ராஜராஜன் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி என்று வரிசையாக வரும்போது கூடவே தீண்டாச்சேரி என்றும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிளவு தொடங்கிவிட்டது. பிறகு மற்ற சேரிகள் எல்லாம் தெருவாகவும் அக்ரஹாரமாகவும் நகராகவும் பெயர் மாற்றிக்கொண்டு போய்விட்டன. ஊரால் ஒதுக்கப்பட்டவர்களிடம் அந்தச் சொல் மிஞ்சியது.

எங்கள் சமவெளியில், ராசிபுரம், வெண்ணந்தூர், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில், அன்றாடப் பேச்சில் சேரி என்பதைவிடக் காலனி என்பதே அதிகம் புழங்கியது. வளவு என்றும் சொல்வார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஊர்ப் பெயரைக் கேட்பார். சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "ஊருக்குள்ளீங்களா, காலனிங்களா?" எவ்வளவு மரியாதையான கேள்வி, பாருங்கள். 'ங்க' போட்டுத்தான் கேட்பார்கள். பதிலைப் பொறுத்து அடுத்த வாக்கியத்தில் அந்த 'ங்க' இருக்கும், அல்லது உதிர்ந்துவிடும். நான் ஊருக்குள். எனக்கு அது உதிர்ந்ததே இல்லை.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், காலனி என்ற சொல் தீண்டாமையின் குறியாகவும் வசையாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. அதைக் கேலி செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பள்ளிச் சான்றிதழிலும் பஸ் நிறுத்தப் பலகையிலும் அந்தச் சொல்லைச் சுமந்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். ஆனால் பஸ்ஸில் கேட்கிற கேள்வி ஆவணத்தில் எழுதியது அல்ல. அது நாளைக்கு வேறு சொல்லைக் கண்டுபிடித்துக்கொள்ளும். மேற்கே, கிழக்கே, டேங்குக்கு அந்தப் பக்கம் என்று திசையே சாதியாகிற ஊர்கள் நமக்குத் தெரியும்.

கேள்வி கேட்கிற பழக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்குச் சேலமே சாட்சி. 2022 ஜூலையில் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். பெரியார் பெயரில் உள்ள பல்கலைக்கழகம். எழுதியது ஒரு கை என்றே வைத்துக்கொள்வோம். சரிபார்த்தவர், அச்சுக்கு அனுப்பியவர், அச்சிட்டவர்? தொகுப்பறை என்று நான் சொல்வது தொலைக்காட்சிக்கு மட்டுமல்ல. அங்கேயும் வாயைவிடக் காதுகள் அதிகம். அங்கேயும் யாருக்கும் உறுத்தவில்லை.

6

வசை எப்போது சர்ச்சையாகிறது? காயப்படுத்தும்போது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் வட்டாரத்தின் அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. தன் வீட்டுக் கூட்டத்தை விட்டுப் பேச்சு வெளியே கசியும்போதுதான் அது சர்ச்சையாகிறது.

2024 மார்ச்சில் நாமக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்குக் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி முதலில் அறிவித்த வேட்பாளரை மாற்ற வேண்டிவந்தது. சாதி மறுப்புத் திருமணங்களுக்கு எதிராகக் கொலையைப் பற்றி அவர் பேசிய பழைய காணொளி பரவியதுதான் காரணம். பழைய காணொளி என்பதைக் கவனியுங்கள். அந்தப் பேச்சு ஏதோ ஒரு மேடையில், கூட்டத்துக்கு முன்னால் நடந்தது. அன்று அது சர்ச்சையில்லை. கேட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வேறு காதுகளுக்கு எட்டிய பிறகுதான் அது பேசக்கூடாத பேச்சானது. 2023 ஜனவரியில் சேலம் திருமலைகிரியில் கோயிலுக்குள் போன தலித் இளைஞரை ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் ஊரைக் கூட்டி நிறுத்தி வைத்து வசைபாடியதும் அப்படியே. ஒரு செல்போன் அங்கே இல்லையென்றால், அது அன்றைய பஞ்சாயத்து, அவ்வளவுதான். காணொளி பரவியதும் கட்சி அவரை இடைநீக்கம் செய்தது, போலீஸ் கைது செய்தது.

இதன் இருண்ட எல்லை 2015. ஓமலூர்ப் பக்கத்துப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். முதல் குற்றவாளியான யுவராஜ் தலைமறைவாக இருந்த மாதங்களில் அவருடைய ஒலிப்பதிவுகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. தொலைக்காட்சிப் பேட்டியும் வந்தது. போலீஸ் தேடிக்கொண்டிருந்தவருக்கு மைக் கிடைத்தது. எங்கள் டீக்கடைகளில் அந்தக் குரலைச் சத்தமாக வைத்துக் கேட்டார்கள். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. யுவராஜின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. கொலைக்குத் தீர்ப்பு கிடைத்தது. அந்தக் குரலை ஆவலோடு கேட்ட காதுகளுக்கு எந்த நீதிமன்றமும் இல்லை. 'சேரி பிஹேவியர்' என்ற சிரிப்புக்கும் ரயில் பாதைக்கும் நேர்வழி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சுலபம், பொய்யும்கூட. இரண்டுக்கும் ஒரே அவையோர் உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த அவையில் எனக்கும் ஓர் இருக்கை இருந்தது.

ஆகவே மன்னிப்புக் கேட்க வைக்கும் அரசியலில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. மன்னிப்பு வாயிலிருந்து வருவது, வாயோடு போவது. கோரிக்கையைக் காதுகளின் பக்கம் நகர்த்த வேண்டும். தொகுப்பறைகளில், செய்தி மேசைகளில், வினாத்தாள் குழுக்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கணக்குக் கேட்க வேண்டும். புகார் வந்தால் பேசியவரை மட்டுமல்ல, ஒளிபரப்பியவரையும் பதில் சொல்ல வைத்து, அந்தப் பதிலை அதே திரையில், அதே நேரத்தில் வாசிக்க வைக்க வேண்டும். லண்டனில் நடந்தது இங்கே நடக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நிகழ்ச்சி நெறியின் அந்த உட்பிரிவில் சாதி என்ற ஒரு சொல்லைச் சேர்க்கப் போராடுவது பெரிய புரட்சி அல்லதான். ஆனால் நீதிமன்ற வாசலில் எடைக்கல்லுக்கு வாய் கொடுக்கும்.

கணக்கு என்று கேட்டால் நம்மையும் கேட்பார்கள். தலித் இலக்கியச் சிறப்பிதழ் போடாத சிறுபத்திரிகை தமிழில் குறைவு. ஆனால் வருகிற படைப்புகளில் எது அச்சாகும், எது திரும்பும் என்று முடிவு செய்கிற மேசையைச் சுற்றி யார் இருந்தார்கள்? ஒரு காலத்தில் நானும் நண்பர்கள் மூவரும் நடத்திய இதழில் நாலு பேரும் ஊருக்குள். விளிம்புநிலை பற்றி நாலு இதழ் போட்டோம். எங்கள் கண்ணில் படாமல் எத்தனை 'சேரி' அச்சேறியதோ, இன்று பழைய இதழ்களைப் புரட்டப் பயமாக இருக்கிறது. இரண்டை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டேன். ஒன்று என் கதையில்.

இந்தக் கட்டுரையை அந்தத் தறிக்காரரிடம் படித்துக் காட்டினேன். இப்போது அவர் தறியில் இல்லை, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை. பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா. ஆனா நான் அப்புறமும் அந்த நிகழ்ச்சியப் பாத்தனுங்க. ஓவியாவுக்குத்தான் ஓட்டுப் போட்டன். அதயும் எழுதுங்க. இல்லீன்னா நான் வெறும் கழுத்தத் திருப்புன ஆளாவே நின்னுருவன்."

எழுதிவிட்டேன். நான் கேட்ட இடத்தில் எடைக்கல்லுக்கு வாய் இல்லாமல் போனது எப்படி என்று ஆறு பகுதி எழுதிய நானும், அவரை இரண்டு இடத்தில்தான் பேச விட்டிருக்கிறேன். மறுப்பு எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலை முடிந்து நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்றிருக்கிறார். வந்தால் ஒரு சொல்லும் வெட்டாமல் போட வேண்டும் என்பது இதழாசிரியர்களுக்கு என் வேண்டுகோள்.